எருமைக் குளத்தில் எங்கள் சக்கரக் கப்பல்

தையல் மெஷின் என்று நினைத்துத்தான் என் கணவர் அந்தப் பெட்டியை ஏலத்தில் எடுத்தார். சிங்கப்பூரின் தஞ்சோங் பகார் துறையில் யாரும் வந்து கேட்காமல் கிடந்த சாமான்களை அன்று ஏலம் விட்டார்களாம். பெட்டிகளைத் திறந்து பார்க்க விடவில்லை. இந்தப் பெட்டியின் மேல் கறுப்பு மையில் ஒரு சக்கரமும் பக்கத்தில் ஒரு தண்டும் அச்சடித்திருந்தது. சக்கரமும் தண்டும் இருந்தால் அது தையல் மெஷினாகத்தான் இருக்கவேண்டும் என்று அவர் முடிவுகட்டிவிட்டார். ரிக்‌ஷாவில் மடியில் வைத்துக்கொண்டு வந்து, மாடிப்படி ஏறி, என் முன்னால் இறக்கினார்.

"திறந்து பாரும்," என்றார். முகம் முழுக்கப் பெருமை.

அவர் அதை ஒரு கையால் தூக்கிவந்தபோதே எனக்கு ஒரு சந்தேகம். தையல் மெஷினை யாரும் ஒரு கையால் தூக்குவதில்லை. ஆனால் ஒன்றும் சொல்லவில்லை. அகப்பைக் காம்பை இடுக்கில் விட்டு ஆணியைக் கிளப்பி மூடியைத் திறந்தேன். உள்ளே வைக்கோல். வைக்கோலுக்குள் கட்டுக்கட்டாய் மெல்லிய மரச்சட்டங்கள். மீன் முள்ளுப்போல வளைத்து வெட்டிய பலகைத் துண்டுகள். சாவி வைத்து முறுக்கிவிடும் ஒரு பித்தளைப் பொறி. தகரக் குழாய் ஒன்று. என் உள்ளங்கை அகலத்தில் ஒரு சக்கரம். எல்லாவற்றுக்கும் அடியில் மடித்துவைத்த பெரிய படமும், இங்கிலீசில் அச்சடித்த தாள்களும்.

"இதிலை ஊசி எங்கை கொழுவுறது?" என்று கேட்டேன். பகிடிக்குக் கேட்கவில்லை, உண்மையாகவே கேட்டேன்.

அவர் பெட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். காது இரண்டும் சிவந்துபோயின. "நாளைக்குக் கீழை தச்சனிட்டைக் குடுத்துவிடுறன். அடுப்புக்காவது உதவும்," என்று சொல்லிவிட்டு மேல் கோட்டைக் கழற்றப் போனார்.

எங்களுக்குக் கலியாணமாகிச் சில மாதங்கள்தான். யாழ்ப்பாணத்தில் தாலி கட்டி, அந்தக் கிழமையே கப்பலேறி, சிங்கப்பூர் வந்தவர்கள். அவருக்கு ரயில்வே கந்தோரில் கோப்பு எழுதும் கிராணி வேலை. சிராங்கூன் சாலையிலிருந்து பிரிந்த ஒரு சந்தில், ஒரு சீனத் தச்சனின் கடைக்கு மேல் இரண்டு அறை எடுத்திருந்தார். முன் யன்னலைத் திறந்தால் தச்சன் சாமான் பெட்டிகள் அடிக்கும் சத்தம். பின் யன்னலைத் திறந்தால் எருமைக் கொட்டில்களும், அதற்கப்பால் எருமைகள் நாள் முழுக்கக் கிடக்கும் சேற்றுக் குளமும்.

எங்கள் இருவருக்குள்ளும் கதை மிகக் குறைவு. கோபமில்லை, மனக்குறையும் இல்லை, வெட்கம்தான். அவர் "சாப்பாடு ஆச்சோ?" என்பார். நான் "ஓம்" என்பேன். "போட்டுவாறன்" என்பார். அதற்கும் "ஓம்" என்பேன். அந்த இரண்டு ஓமுக்கு இடையில் என்ன சொல்லலாம் என்று எங்கள் இருவருக்கும் தெரியவில்லை.

அன்று அவர் கோட்டைக் கழற்றிக் கொழுவிவிட்டு வருவதற்குள் நான் அந்தத் தாளை எடுத்து வாசிக்கத் தொடங்கிவிட்டேன். மிஷன் பள்ளிக்கூடத்தில் தங்கிப் படித்தவள் நான். வேதப்புத்தகமும் வாசிப்புப் புத்தகமும் படித்த இங்கிலீசு. மாதக்கணக்காய் ஒரு வரி வாசிக்காமல் இருந்ததில் கண்ணுக்குப் பசி வந்திருந்தது.

"இது கப்பலாம்," என்றேன். "ரெண்டு பக்கமும் சக்கரம் வைச்சு ஓடுற கப்பல். துண்டுகளைப் பொருத்தி நாங்களே கட்டவேணுமாம். முறுக்கிவிட்டால் தண்ணியிலை தானாய் ஓடுமாம்."

"எல்லாத்தையும் வாசிச்சிட்டீரோ?"

"ஒரு பக்கம்தான்."

அவர் பாயில் என் எதிரே வந்து உட்கார்ந்தார். "மற்றப் பக்கத்தையும் வாசியும், பாப்பம்."

தச்சனின் அடுப்புக்குப் போகவிருந்த பெட்டி எங்கள் மேசைக்கு ஏறியது இப்படித்தான்.

மறுநாள் காலை பால் கொண்டுவந்த அக்கா அந்தப் பெட்டியைப் பார்த்துவிட்டாள். பின்புறக் கொட்டில் அவளுடையது. தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து சின்ன வயதிலேயே வந்தவள். குரல் கொட்டிலிலிருந்து எங்கள் மாடிவரை கேட்கும். "தையல் மிஷினு எங்க தங்கச்சி? ஐயா வாங்கிட்டு வர்றதா சொன்னீங்களே?" என்றாள்.

நான் நடந்ததைச் சொன்னேன். அவள் சிரித்துக்கொண்டே பாலை அளந்தாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். அவள் தாழ்த்திய குரல் மற்றவர்களின் சாதாரணக் குரல்.

"ஏன் தங்கச்சி, நானும் பாத்துட்டே இருக்கேன். மாடியில ரெண்டு பேரு இருக்கீங்க, ஒரு சத்தமும் காணோம். ஐயா உங்ககிட்ட பேசவே மாட்டாரா?"

எங்கள் ஊரில் பேசுவது என்றால் ஏசுவது. சும்மா ஒருவரோடு ஒருவர் சொல்லாடுவதை நாங்கள் கதைப்பது என்போம். இவள் வாயில் அந்தச் சொல்லுக்கு வேறு அர்த்தம் என்று எனக்குத் தோன்றவேயில்லை. புருசன் என்னை ஏசுகிறாரா என்று கேட்கிறாள் என்றே நினைத்தேன். எனக்கு அவரைப் பற்றி நல்லவிதமாய்ச் சொல்லக் கிடைத்த முதல் சந்தர்ப்பம் அது.

"ஐயோ, இல்லை அக்கா!" என்றேன். "கலியாணம் முடிச்ச நாளிலையிருந்து ஒருக்காலும் பேசினதில்லை. அவ்வளவு நல்ல மனுசன்."

அவள் கையிலிருந்த அளவை அந்தரத்தில் நின்றது. "ஒரு தடவை கூடவா?"

"ஒரு தடவையும் இல்லை. நான் சோத்தைக் கரிக்கினாலும் பேசமாட்டார். பேசாமல் சாப்பிட்டுட்டு எழும்பிப் போவார்."

"அட ஆண்டவனே," என்றாள். என் கன்னத்தைத் தடவிவிட்டு, என் செம்பில் இன்னொரு அளவை பால் ஊற்றினாள். அதற்குக் கணக்கும் வைக்கவில்லை. அன்றிலிருந்து தினமும் அந்த மேல் அளவை வந்தது. இந்த ஊர்ப் பால்காரரின் வழக்கம் போலிருக்கிறது என்று நானும் மகிழ்ச்சியாய் வாங்கிக்கொண்டேன்.

மாலையில் அவர் கந்தோரால் வந்து முகம் கழுவி, தேத்தண்ணி குடித்ததும், மேசையைத் துடைத்துவிட்டு வேலை தொடங்குவோம். முதலில் நான் வாசிப்பது, அவர் செய்வது என்று இருந்தது. இரண்டு மூன்று நாளில் அது மாறிவிட்டது. கோப்புகளைப் புரட்டிப் பழகிய அவர் விரல்கள் மெல்லிய சட்டத்தைத் தொட்டாலே முறித்துவிடும். ஊசி பிடித்த விரல்கள் என்னுடையவை. அதனால் வாசிப்பதும் நான், பொருத்துவதும் நான் என்றாகி, அவர் அரத்தால் தேய்ப்பதும் நூலால் கட்டிப் பிடிப்பதுமாய் இருந்தார். அதில் அவர் கெட்டிக்காரர். ஒரு சட்டம் வளைந்து ஒட்டும்வரை, மூச்சுவிடாத மாதிரி, அப்படியே பிடித்துக்கொண்டு இருப்பார்.

அடிமரத்தை வைத்து, அதன் மேல் முள்ளுகளை நிறுத்தி, சட்டம் சட்டமாய்ச் சுவர் எழுப்பியபோது மேசையில் கப்பலுக்கு ஒரு வயிறு தெரிந்தது. "வடிவாய்க் கிடக்கு," என்றார் அவர். எனக்கே யாரோ நகை போட்டுவிட்ட மாதிரி இருந்தது.

அதுவரை சிக்கலில்லை. பிறகு ஒரு வரி வந்தது. ஏணியைக் கப்பலின் போர்ட் பக்கத்தில் ஒட்டவேண்டும் என்று தாள் சொன்னது.

"போர்ட் எண்டால் துறைமுகம்," என்றார் அவர், யோசிக்காமலே.

"துறைமுகப் பக்கம் எண்டால் எந்தப் பக்கம்?"

அவர் எழுந்துபோய் முன் யன்னலால் தலையை நீட்டிப் பார்த்தார். கடற்கரை எங்கே, தஞ்சோங் பகார் எங்கே என்று கையை நீட்டி ஒரு கணக்குப் போட்டார். "அந்தப் பக்கம்," என்று தச்சனின் கூரையைக் காட்டினார். கப்பலில் அந்தப் பக்கம் பார்த்த புறத்தில் ஏணியை ஒட்டினோம்.

மறுநாள் பகலில் நான் அறையைக் கூட்டும்போது வெளிச்சத்துக்காக மேசையைத் திருப்பி வைத்தேன். மாலையில் மறுபடியும் போர்ட் பக்கம் என்று ஒரு சிறிய படகை ஒட்டச் சொன்னது தாள். தச்சனின் கூரையைப் பார்த்து ஒட்டினோம். அடுத்த நாள் மழை பெய்ததால் மேசையை உள்ளே இழுத்தோம். அன்று ஒரு விளக்குக் கொக்கி. கிழமை முடிவில் படத்தை விரித்து வைத்துக் கப்பலோடு ஒப்பிட்டபோது, ஒரு பக்கம் இருக்கவேண்டிய சாமான்கள் கப்பலைச் சுற்றிச் சந்தைக்கு வந்த சனம் மாதிரி நின்றன.

"இவங்கள் துறைமுகம் எண்டு சொல்லேல்லைப்போலை," என்றேன்.

அவர் மறுநாள் கந்தோரில் இயந்திரப் பகுதி மேஸ்திரியிடம் கேட்டுவிட்டு, படிகளை இரண்டு இரண்டாய்த் தாவி வந்தார். "போர்ட் எண்டால் இடப்பக்கமாம்!"

"ஏன் அப்பிடி?"

"அது அவருக்கும் தெரியாதாம்."

சுடுநீரில் நனைத்த துணியை வைத்து வைத்து ஒட்டினதையெல்லாம் கழற்றி, மறுபடியும் ஒட்ட வேண்டியதாயிற்று. அதற்குப் பசை போதவில்லை. பெட்டியில் வந்த வச்சிரப் பசை தீர்ந்துபோனதால் கீழே தச்சனிடம் கைச்சாடையில் கேட்டு, பழுப்புக் கட்டி ஒன்று வாங்கிவந்தேன். தண்ணீரில் போட்டுக் காய்ச்சவேண்டும் என்று தச்சனும் கைச்சாடையிலேயே சொன்னார். நான் பருப்பு அவிக்கும் சட்டியில் போட்டு அடுப்பில் ஏற்றினேன்.

அந்த நேரம் பார்த்து அக்கா மாலைப் பாலோடு வந்தாள். வாசலிலேயே நின்று மூக்கைச் சுளித்தாள். "என்ன தங்கச்சி காய்ச்சுறீங்க?"

"பசை அக்கா. கப்பலுக்கு."

"தோலு நாத்தம்ல அடிக்குது! எங்க கொட்டாயில எருமை செத்துச்சுன்னா தோலை வாங்கிட்டுப் போயி இதைத்தான் காய்ச்சுறாங்க."

அன்று வெள்ளிக்கிழமை வேறு. விளக்கேற்றுகிற வீட்டில், பருப்புச் சட்டியில், எருமைத் தோல். நான் துள்ளிப் பின்னால் போய், துணியால் சட்டியைப் பிடித்துக்கொண்டு ஓடிப் பின்படியில் வைத்தேன்; அந்தச் சட்டி இனிப் பசைக்குத்தான். அடுப்பைக் கழுவி, தரையைக் கழுவி, தலைக்கும் வார்த்துக்கொண்டேன். சமையல் நடக்கவில்லை. அக்கா இதையெல்லாம் பார்த்துக்கொண்டே நின்றாள். அவள் மனதில் என்ன ஓடியது என்று அப்போது எனக்குத் தெரியாது. பிறகு அவளே சொன்னாள்: கட்டினவளோடு ஒரு வார்த்தை பேசாத மனிதன், வெள்ளிக்கிழமையில் அவளைத் தோல் காய்ச்சவும் வைக்கிறானே என்று அவளுக்கு வயிறு எரிந்ததாம்.

அவர் கந்தோரால் வந்தபோது அவள் படியடியில் காத்து நின்றாள். நான் மேலே தலை துவட்டிக்கொண்டு நின்றேன். ஒவ்வொரு சொல்லும் எனக்குக் கேட்டது.

"ஐயா, நான் கேக்குறேன்னு கோவிச்சுக்காதீங்க. கடல் தாண்டி உங்களை நம்பி வந்த பொண்ணு. அதுகிட்ட ஒரு வார்த்தை பேசுனா என்ன?"

"நான் ஏன் பேசவேணும்?" என்றார் அவர், திகைத்துப்போய்.

"என்னங்க இப்படிச் சொல்றீங்க!"

"அவ என்ன பிழை செய்தவ? ஒண்டும் இல்லையே."

"தப்பு செஞ்சாத்தான் பேசுவீங்களா?"

"பின்னை? சும்மா இருக்கிற ஆளைப் பிடிச்சுப் பேச எனக்கென்ன விசரோ? எங்கடை ஐயாவும் அம்மாவோடை ஒருநாளும் பேசினதில்லை. நானும் அவரைப்போலைதான் இருக்கப்போறன்."

"பரம்பரையே இப்படித்தானா!" என்று அவள் கையை உதறிக்கொண்டு போய்விட்டாள்.

அவர் மேலே வந்தார். முகத்தில் வியர்வை. "அந்த மனுசி உம்மைப் பேசச் சொல்லி என்னை நெருக்குது," என்றார். "நீர் அவவுக்கு ஏதும் பிழை விட்டனீரோ?"

"நான் ஒண்டும் செய்யேல்லை. அவ எனக்கு நெடுக மேலாலை பாலும் விடுறவ."

"அப்ப ஏன் பேசச் சொல்லுது?"

அப்போதுதான் எனக்கு, நாங்கள் வந்த கப்பலில் நாகப்பட்டினத்துப் பெண்கள் சிலர் வெற்றிலை போட்டுக்கொண்டு, "ராத்திரியெல்லாம் பேசிட்டே இருந்தோம்" என்று சிரித்தது ஞாபகம் வந்தது. இரவெல்லாம் ஏசிக்கொண்டிருந்தவர்கள் அப்படிச் சிரிப்பார்களா?

"இஞ்சருங்கோ," என்றேன், "அவையின்ரை ஊரிலை பேசுறது எண்டால் கதைக்கிறது போலை."

அவளிடம் தான் சொன்னது ஒவ்வொன்றும் திரும்ப அவர் காதில் விழுந்திருக்க வேண்டும். "எங்கடை ஐயாவையும் எல்லோ இழுத்தனான்," என்றபடி படியில் உட்கார்ந்து சிரிக்கத் தொடங்கினார். அந்த மேல் பால் எதைக் கேட்டு வரத் தொடங்கியது என்பதை நானும் சொன்னேன். அவருக்குக் கண்ணால் தண்ணீர் வந்துவிட்டது. அவருக்கு முன்பல் இரண்டுக்கும் இடையில் ஒரு சின்ன இடைவெளி இருப்பதை அன்றுதான் பார்த்தேன்.

சிரிப்பு அடங்கினதும், "ஆனாலும் மனுசி சொன்னது முழுப் பொய்யில்லை," என்றார். "நாங்கள் கதைக்கிறது குறைவுதானே."

"ஓம்," என்றேன் பழக்கத்தில்.

"இனிக் கதைப்பம்."

"என்னத்தைப் பற்றி?"

அவர் அறையைச் சுற்றிப் பார்த்தார். "இப்போதைக்குக் கப்பலைப் பற்றி," என்றார்.

மறுநாள் அக்காவிடம் விளக்கமாய்ச் சொன்னேன். கொட்டிலில் இருந்த எருமைகள் திரும்பிப் பார்க்கும்படி சிரித்தாள். பிறகு என் செம்பில் ஒரே ஒரு அளவை பால் ஊற்றிவிட்டு, "அது பாவம்னு ஊத்துனது. இனி எதுக்கு?" என்று போய்விட்டாள்.

கப்பலைப் பற்றிக் கதைக்க நிறையவே இருந்தது. முதலாவது, சக்கரம். இரண்டு சக்கரம் என்று தாள் சொன்னது, பெட்டியில் ஒன்றுதான் இருந்தது. வைக்கோலை ஒவ்வொரு தும்பாய் உதறிப் பார்த்தோம், இல்லை. இன்னொன்று செய்வது என்று முடிவாயிற்று. நூல் சுற்றி வரும் மர உருளையை நடுவில் வைத்து, சுருட்டுப் பெட்டிப் பலகையில் இலை இலையாய் வெட்டிச் செருகினார் அவர். ஒரு ஞாயிறு முழுக்க அதில் போயிற்று. முடித்ததும் இடப்பக்கம் மாட்டினோம். நிறம் பூசினதும் எது பழையது எது புதியது என்று எனக்கே தெரியவில்லை.

இரண்டாவது, பேர். முன்பக்கத்தில் கப்பலின் பேரை எழுதவேண்டும் என்று தாள் சொன்னது. அவர் தூரிகையை வைத்துக்கொண்டு வெகுநேரம் யோசித்தார். பிறகு, என்னைப் பார்க்காமலே, "உம்மடை பேரை எழுதட்டோ?" என்றார்.

"எருமைக் குளத்திலை விடப்போற கப்பலுக்கோ!" என்றேன். அவர் சிரித்துக்கொண்டே தூரிகையைக் கழுவப் போனார். பேர் எழுதாமலே விட்டோம். ஆனால் அன்று இரண்டு தேங்காய் துருவி அப்பத்துக்குப் பால் பிழிந்தேன்.

கப்பலை விட ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை குறித்தோம். சட்டங்களின் இடுக்கில் வண்டிக்காரர் பூசும் தார்போன்ற கீலை உருக்கிப் பூசியிருந்தேன், தண்ணீர் ஏறாது. அக்காதான் கடைசி நேரத்தில் ஒரு குறை கண்டுபிடித்தாள்.

"கப்பல்னா புகை வர வேணாமா? இதுல ஒண்ணும் வரலியே."

"இது முறுக்கி ஓடுறது அக்கா. நெருப்பில்லை."

"அதெப்படி? சிங்கப்பூருக்கு வந்த கப்பல் எதுவும் புகை இல்லாம வரல," என்று சொல்லி, உள்ளே போய் ஒரு சின்னத் தணல் துண்டும் ஒரு சிட்டிகை சாம்பிராணியும் கொண்டுவந்தாள். தகரப் புகைக்கூண்டுக்குள் மண் கொஞ்சம் போட்டு, அதன் மேல் தணலை வைத்து, சாம்பிராணியைத் தூவினாள். வெள்ளைப் புகை சுருள் சுருளாய் எழுந்தது. கப்பல் ஒரு பெரிய கப்பலாகவே ஆகிவிட்டது. வாசனை மட்டும் கோயில் வாசனை.

குளத்தடியில் பால்காரர் சிலர் கூடிவிட்டார்கள். தச்சனும் சுத்தியலைப் பிடித்த கையோடு வந்து நின்றார். நடுக்குளத்தில் ஒரு பெரிய எருமை, மூக்கும் கொம்பும் முதுகும் மட்டும் தெரிய, அசையாமல் கிடந்தது. என் கணவர் வேட்டியை மடித்துக் கட்டி, சாவியை முறுக்கக்கூடிய மட்டும் முறுக்கி, இரண்டு கையாலும் கப்பலைத் தண்ணீரில் வைத்தார்.

சக்கரம் இரண்டும் தண்ணீரை அடித்தன. கப்பல் நேராய்ப் போயிற்று. யாரோ கைதட்டினார்கள். கொஞ்சத் தூரம் போனதும் அது மெல்ல இடப்பக்கம் சாய்ந்து திரும்பியது. அவர் முகம் மாறியது. கப்பல் இன்னும் திரும்பியது. எருமையின் பின்பக்கமாய்ப் போய், வாலைக் கடந்து, தலைப்பக்கம் வந்து, மறுபடியும் பின்பக்கம் போயிற்று. புகை விட்டபடி, எருமையை நடுவில் வைத்து வட்டம் போட்டுக்கொண்டிருந்தது.

"சாமியைச் சுத்துற மாதிரியில்ல சுத்துது!" என்றாள் அக்கா. கன்னத்தில் போட்டுக்கொள்ளாத குறைதான்.

"எருமைக்குச் சாம்பிராணி போடுறாங்கடா!" என்றார் ஒரு பால்காரர். குளத்தடியே சிரித்தது. தச்சனுக்குத் தமிழ் தெரியாது, ஆனால் எல்லோரையும்விட அதிகமாய்ச் சிரித்தார்.

எருமை ஒரு சுற்றுப் பொறுத்தது, இரண்டாம் சுற்றும் பொறுத்தது. மூன்றாம் சுற்றில் சாம்பிராணிப் புகை மூக்கில் ஏறியிருக்கவேண்டும். ஒரு பெரிய தும்மல் தும்மிவிட்டு எழுந்தது. எழுந்த அலையில் கப்பல் ஒரு பக்கம் சாய்ந்தது. புகைக்கூண்டு கழன்று, சுஸ் என்ற சத்தத்தோடு தண்ணீருக்குள் போயிற்று. கப்பல் கவிழவில்லை. சக்கரம் அடித்துக்கொண்டே, புகையில்லாமல், தலை நனைந்த கோழிமாதிரிச் சுற்றிக்கொண்டிருந்தது.

"ஐயோ!" என்று கத்திக்கொண்டு அவர் குளத்தில் இறங்கினார். முழங்கால்வரைதான் தண்ணீர் என்று நினைத்திருக்கிறார். அடியில் சேறு. இரண்டாவது அடியில் இடுப்புவரை போனார். மூன்றாவது அடியில் கால் வழுக்கி, கந்தோருக்கு எண்ணெய் வைத்துச் சீவும் அந்தத் தலையும் ஒருமுறை உள்ளே போய் வந்தது. வந்த கையோடு கப்பலை எட்டிப் பிடித்துத் தலைக்குமேல் தூக்கினார். சக்கரம் இன்னும் சுற்றி அவர் நெற்றியில் சேற்றுத் தண்ணீரை அடித்துக்கொண்டிருந்தது.

நான் சிரித்தேன். வாயை மூடிக்கொண்டு சிரிப்பதற்குத்தான் எங்கள் வீட்டில் பழக்கியிருந்தார்கள். அன்று கை வாய்க்குப் போகவேயில்லை. அக்காவின் தோளைப் பிடித்துக்கொண்டு, வயிறு நோகச் சிரித்தேன். குளத்துக்குள் நின்ற அவர் கோபிக்கப்போகிறார் என்று ஒரு கணம் பயந்தேன். அவர் அப்படியே நின்று என்னைப் பார்த்தார்.

"நீர் இப்பிடியும் சிரிப்பீரோ!" என்றார். அவர் குரலில் இருந்தது கோபமில்லை, ஆச்சரியம்.

வீட்டுக்கு வந்து, குளித்து, சேற்றைக் கழுவி, சக்கரம் இரண்டையும் கழற்றி அருகருகே வைத்தபோதுதான் விஷயம் விளங்கியது. புதியது பழையதைவிட ஒரு விரல் நுனி சிறியது. சிறிய சக்கரம் தள்ளின பக்கம் பின்தங்க, கப்பல் அந்தப் பக்கமே திரும்பியிருக்கிறது.

"பழையதோடை வைச்சு அளந்து பாத்தியளோ?" என்று கேட்டேன்.

"கண்ணாலை பாத்தால் போதும் எண்டு நினைச்சன்."

"தையல் மெஷினையும் கண்ணாலை பாத்துத்தானே எடுத்தனீங்கள்?"

ஒரு மாதத்துக்கு முன் நான் இப்படிச் சொல்லியிருக்கமாட்டேன். அவர் ஈரத் துவாயை என் மேல் எறிந்தார். கடதாசியில் பழைய சக்கரத்தை வைத்துக் கோடு கீறி, அதன்படி இன்னொன்று வெட்டினோம். தச்சன் ஒரு புதுப் புகைக்கூண்டு அடித்துத் தந்தார். அக்காவுக்கு மட்டும் இந்தத் திருத்தம் பிடிக்கவில்லை. "நேரா எல்லாக் கப்பலும்தான் போவுது. சுத்துறதுல்ல அழகு," என்று வாரக்கணக்காய்ச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அடுத்த ஞாயிறு அவர், "குளம் வேண்டாம். கடலுக்குக் கொண்டுபோவமோ?" என்றார். நாங்கள் சிங்கப்பூரில் வந்திறங்கிய நாளுக்குப் பிறகு நான் கடலைப் பார்க்கவில்லை. சேலை மாற்றி, தலை வாரி, அவர் கூப்பிடுவதற்கு முன்பே படியிறங்கி நின்றேன். ரிக்‌ஷாவில் அவர் மடியில் கப்பல். தெருவில் போனவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

பீச் ரோட்டுக் கரையில் அலை குறைவாய், தண்ணீர் ஏறியிருந்தது. கப்பலை இறக்கினோம். அது இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்க்காமல், நூல் பிடித்த கோடு மாதிரி நேரே கடலுக்குள் போகத் தொடங்கியது. எங்களுக்கு ஒரே சந்தோஷம். அது நிற்காமல் போய்க்கொண்டே இருக்கிறது என்பது கொஞ்சம் பிந்தித்தான் விளங்கியது. கயிறு கட்ட இருவரும் மறந்துவிட்டோம்.

கரையோரம் சம்பான் படகில் வலை ஒதுக்கிக்கொண்டிருந்த ஒரு மலாய்க்காரர் எங்கள் கூச்சலைக் கேட்டு நிமிர்ந்தார். நான்கு தடவை துடுப்பு வலித்துப் போய், கப்பலைத் தூக்கித் தன் முன்னால் வைத்துக்கொண்டு திரும்பி வந்தார். அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துச் சிரித்தார். என் கணவர் தனக்குத் தெரிந்த மலாயில் நன்றி சொல்ல, அந்த மனிதர் எங்கள் இருவரையும் பார்த்து, பிறகு தன் சம்பானைக் காட்டி, ஏறுங்கள் என்று சாடை செய்தார்.

"வேண்டாம், வேண்டாம்," என்றார் என் கணவர் அவசரமாய். யாழ்ப்பாணத்தில் அவர் வீடு கடலிலிருந்து உள்ளே தள்ளி, புகையிலைத் தோட்டங்களுக்கு நடுவில். சிங்கப்பூர் வந்த கப்பலில் முழுப் பயணமும் அவர் கீழ்த்தட்டில் கண்ணை மூடிக் கிடந்தவர். நான் கரையோர ஊர்க்காரி. சேலையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்து, ஒரு காலை வைத்து, சம்பானில் ஏறி உட்கார்ந்துவிட்டேன்.

"இறங்கும், விழுந்திடுவீர்."

"நீங்கள் ஏறுங்கோ."

அவர் கரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். சப்பாத்தைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு ஏறினார். ஏறினதும் இரண்டு கையாலும் சம்பானின் விளிம்பைப் பிடித்தவர் பிறகு விடவேயில்லை. கப்பல் என் மடியில் இருந்தது. மலாய்க்காரர் துடுப்பை வலித்தார். கரையும், கரையில் இருந்த வீடுகளும், காயப்போட்ட வலைகளும் சிறுத்துப்போயின. தூரத்தில் நங்கூரம் போட்டிருந்த பெரிய கப்பல்கள் ஒவ்வொன்றாய்த் தெரிந்தன. நான் அவருக்கு ஒவ்வொன்றாய்க் காட்டி, எது முன்பக்கம், எது போர்ட் பக்கம் என்று கேட்டேன். அவர் கண்ணைப் பாதி மூடிக்கொண்டே சரியாய்ச் சொன்னார்.

"இனித் திரும்புவமோ?" என்றார் கொஞ்ச நேரத்தில்.

"இன்னும் கொஞ்சத் தூரம் போவம்," என்றேன்.

அவர் விளிம்பிலிருந்து ஒரு கையை எடுத்து, முன்னால் போகும்படி அந்த மலாய்க்காரருக்குக் காட்டினார்.